தங்கும் தும்பியும் தாண்டும் தும்பியும்

ஒரு பொருளை அறிதலாவது, அதனைப் பிறிதொன்றினின்றும் பிரித்தறிதலேயாகும். வயலில் நெல்லைக் கண்டவரெல்லாம் நெல் அறிந்தவராகார். காரையும் சம்பாவையும் வேறு பிரித்துக் காட்ட வல்லவரையே உழவர் நெல் அறிந்தவர் என்பர். இவ்வுண்மை பிராணி நூலுக்கு மிகவும் பொருந்தும்.

தும்பி என்றும், தட்டான் என்றும், தட்டாரப்பூச்சி என்றும் வழங்கப்பெறும் சிற்றுயிரை அறியாதார் நம்மிற் சிலரே. இளமையில் அதன் வாலைப் பிடிக்க ஓடாதவர் இல்லை. அதன் கால்களிற் சிறு கல்லைக் கொடுத்துத் தூக்கச் செய்து மகிழ்ந்தவரும் பலர். ஆயினும், நாம் கண்ட தட்டான்கள் எத்தனை வகையின என்று வினவினால், விடை கூறுவார் அரியர். ஊசித்தட்டான்களையும் உள்ளிட்ட இப்பூச்சி வரிசையில் உலகெங்கும் 6,000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் அவற்றின் தொகை 500ஐ நெருங்கும். இத்துணை உயிர்களையும் ஒரே பெயரால் அழைத்து அமைந்துவிடுகின்றோம்.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு ஈண்டு வேண்டும். பழந்தமிழ் நூல்களில் தும்பி என்னும் சொல் மலர்களில் தேன் உண்ணும் வண்டினத்தையே பெரும்பாலும் குறிப்பதாகும். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் விளித்து வினவுவதும் அத்தும்பியையே. இக்கட்டுரையில் தும்பி என்பது இக்கால வழக்கின்படி தட்டானையே குறிக்கும்.

இனி, இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டவை இரண்டே தும்பிகள். இரண்டும் தமிழ்நாட்டிற் பெருவழக்காகக் காணப்படுவன. ஒன்று, கருங்கற் சுவரையும் மதிலையும் பற்றிக்கொண்டு அவ்விடத்திலேயே தன் வாழ்நாளைக் கழிப்பது. மற்றொன்று, மழையோடு வந்து மழையோடு சென்று, கடலையும் கடப்பது. இவையிரண்டும் ஒரே குடும்பத்தின. உடலின் நீளத்தில் ஏறக்குறைய ஒத்தன. இரண்டும் சிறுநீர்நிலைகளிலேயே முட்டையிடுவன. அங்ஙனமாகவும், இவற்றின் வாழ்க்கை ஒன்றற்கொன்று மாறாய் அமைந்தது ஏன்? அம்மாறுபாட்டின் பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோமாக.

பெயரும் குலமும்

இவற்றுக்குத் தமிழில் எங்கும் ஒருபடித்தாய் வழங்கும் தனிப்பெயர்கள் இல்லாமையின், வசதி கருதி முதலாவதைப் பாறைத்தும்பி என்றும், இரண்டாவதைத் தேசாந்தரத்தும்பி என்றும் வழங்குவோம்.

பாறைத்தும்பியின் நூற்பெயர் பிராடினோபைகா ஜெமினேட்டா என்பது. பிரெஞ்சு நாட்டு அறிஞராகிய ராம்பர் 1842ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் விவரித்தார். தேசாந்தரத்தும்பியின் நூற்பெயர் பண்டாலா பிளாவெசென்ஸ் என்பது. டென்மார்க்கு நாட்டுப் பேப்ரீசியுஸ் 1798ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டார். பிளாவெசென்ஸ் என்னும் இலத்தீன் சொல், மஞ்சள் நிறம் கொள்வது என்று பொருள்படும். அப்பெயரின் பொருத்தம் பின்னர் விளங்கும். இரண்டும் லிபெல்லுலிடே என்னும் பெருங்குடும்பத்தைச் சார்ந்தவை. இந்திய மருத்துவப் பணியில் அமர்ந்திருந்த பிரேசர் என்பார் இந்நாட்டுத் தும்பிகளை ஆராய்ந்து, 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். மூன்றாம் தொகுதியில் இவ்விரண்டையும் காணலாம்.

உருவ வேற்றுமை

முதலிற் பாறைத்தும்பியை நோக்குவோம். அதன் உடல் கருமையும், சாம்பல் நிறமும், பழுப்பும், வெண்மையும் சிறு சிறு திட்டுகளாய்க் கலந்தது. அக்கலவை நம் நாட்டுக் கருங்கல்லின் புள்ளியமைப்பையே ஒத்திருத்தலின், கல்லின்மேல் அமர்ந்த தும்பியைக் கூர்ந்து நோக்கினாலன்றிக் காண்டல் அரிது. ஓரடி தூரத்தில் இருந்தும் காணாமற் கைவைத்து, அது எழுந்து பறந்த பின்னரே திடுக்கிடுவாரும் உளர். சிறகுகள் நிறமின்றித் தெளிந்தன. ஒவ்வொரு சிறகின் நுனிப்பக்கத்து முன்விளிம்பிலும், பொட்டிட்டாற்போன்ற தடித்த பகுதி ஒன்று உண்டு. அதனைச் சிறகுப்பொட்டு எனலாம். பாறைத்தும்பியின் சிறகுப்பொட்டு நடுவிற் கருத்தும், இரு முனைகளிலும் வெளுத்தும் தோன்றும். கண்ணுக்கு எளிதிற் புலனாகும் சிறந்த அடையாளம் இதுவே.

தேசாந்தரத்தும்பியோ பொன்மஞ்சள் நிறத்தது. முகம் மஞ்சள், கண்களின் மேற்புறம் செம்பழுப்பு. நீண்ட வயிறு மஞ்சளும் சிவப்பும் கலந்து, இறுதிக் கணுக்களின் முதுகில் கருந்திட்டுகள் உடையது. ஆணில் செம்மை சற்று மிகும். சிறகுப்பொட்டு ஒரே நிறத்ததாய்ச் சிவந்த மஞ்சளாயிருக்கும்.

நிறத்தினும் சிறந்த வேற்றுமை சிறகின் வடிவில் உள்ளது. தேசாந்தரத்தும்பியின் பின்சிறகு ஏறத்தாழ 4 செண்டிமீட்டர் நீளமுடையது. பாறைத்தும்பியினது 3 செண்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. அன்றியும், தேசாந்தரத்தும்பியின் பின்சிறகு உடலோடு பொருந்தும் அடிப்பகுதியில் மிக அகன்று, விசிறி விரித்தாற் போன்றது. பண்டாலா என்னும் பேரினப்பெயருக்கு, எல்லாம் சிறகே என்று பொருள் கூறுவர். உடலோ சிறிது, சிறகோ பெரிது. ஆதலின் சிறகின் ஒவ்வொரு சிறு பரப்பும் தாங்கவேண்டிய பாரம் மிகக் குறைவு. இச்சிறகு ஒன்றையே கண்ட பூச்சிநூலார், இதனை உடைய பிராணி நெடுந்தூரம் செல்வது என்று எளிதில் ஊகிக்கலாம். அங்ஙனமே, பாறைத்தும்பியின் முதுகை மட்டும் கண்டவர், அது அசையாது அமர்ந்து வாழ்வது என்று துணியலாம். கல்லின் நிறம் கல்லின்மேல் இருக்கும்போது மட்டுமே காவலாகும். அங்கிருந்து அகன்றால் அந்நிறத்தாற் பயன் இல்லை. உடலைப் படிப்பது வாழ்க்கையைப் படிப்பதேயாகும்.

இருக்கையும் இயக்கமும்

பாறைத்தும்பி அமரும் முறை தனித்தன்மை வாய்ந்தது. செங்குத்தான சுவரிலோ, தூணிலோ, பாறையின் பக்கத்திலோ உடலை ஒட்டவைத்து, நான்கு சிறகுகளையும் கல்லோடு கல்லாகப் படிய விரித்து நிற்கும். துரத்தினால் சிறிது தூரம் தாழப் பறந்து, அதே சுவரிலோ அடுத்த சுவரிலோ அமரும். பெரும்பாலும் முன் அமர்ந்த இடத்துக்கே மீளும். ஆண்டின் எம்மாதத்திலும் இதனைக் காணலாம்.

தேசாந்தரத்தும்பி அமர்ந்திருக்கக் காண்பது அரிது. காலைமுதல் மாலைவரை வெளிகளின்மேல் கூட்டங்கூட்டமாய்ச் சுற்றிக்கொண்டேயிருக்கும். பருந்தைப் போலச் சிறகை அடியாது காற்றில் வழுக்கிச் செல்லவும் வல்லது. அதனாற் பறத்தலில் அதற்குச் செலவாகும் வலிமை சிறிதே. மழைக்குப்பின் ஈசல் புறப்படும் மாலைகளில் அவற்றையும், பிற சிறு பூச்சிகளையும் பறந்தவாறே பிடித்து உண்ணும். களைத்தபோது, ஒரு குச்சியையோ புல்லின் தண்டையோ முன்கால்களாற் பற்றிக்கொண்டு, வயிறு கீழ்நோக்கத் தொங்கட்டம் போலத் தொங்கும். சுவரில் அமர்வது பாறைத்தும்பி, கிளையில் தொங்குவது தேசாந்தரத்தும்பி என்னும் இவ்வொரு குறிப்பே தொலைவிலிருந்து இவற்றைப் பிரித்தறியப் போதியதாகும்.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது நம் நாட்டார் கூற்று. அக்கூற்றிற்கு இடமாயது பெரும்பாலும் தேசாந்தரத்தும்பியின் கூட்டமே எனலாம். மழைக்காற்றோடு இதன் பயணம் பிணைந்திருத்தலை மேலே காண்போம்.

நீர்ப்பருவம்

இவ்விரு தும்பிகளும் சிறகு பெறுமுன் நீரில் வாழ்வன. இளம்பூச்சிக்குச் சிறகில்லை. அதன் கீழுதடு மடிந்து நீளும் கைபோன்றது. முகத்தை மூடிக்கொண்டிருந்து, இரை அணுகியவுடன் கண்ணிமைப்பொழுதில் முன்னீண்டு பற்றும். மூச்சுவிடுதல் குடலின் இறுதிப் பகுதியிலுள்ள செவுள்களால் நிகழ்கின்றது. அப்பகுதியில் நிரம்பிய நீரை வேகமாய்ப் பின்னே பீச்சி, அவ்வுதைப்பினால் முன்னே பாயவும் இளம்பூச்சி அறியும். கொசுவின் புழுக்களும், சிறு தலைப்பிரட்டைகளும், பிற நீர்ப்பூச்சிகளும் அதன் உணவு. வளர்ச்சி முற்றியபின் நீரை விட்டேறிச் சுவரையோ செடியையோ பற்றிக்கொள்ளும், முதுகுத்தோல் பிளக்கும், உள்ளிருந்து தும்பி வெளிப்படும். கழன்ற தோல், பற்றிய இடத்திலேயே சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதுகாறும் கூறியது இரண்டிற்கும் பொது. இனி வேற்றுமையைக் கூறுவோம். பாறைத்தும்பி முட்டையிடுவது பாறைக்குழி, சிறு சுனை, கிணறு, சிமெண்டுத் தொட்டி முதலிய இடங்களில். தேசாந்தரத்தும்பி முட்டையிடுவது மழையாற் புதிதாய்த் தேங்கிய குட்டை, வயல், வண்டித்தடத்துப் பள்ளம் முதலிய இடங்களில். தொட்டிகளையும் அது விலக்குவதில்லை.

ஏரியும் ஆறும் இருக்க, இவை இத்தகைய சிறுநீரை நாடுவது ஏன்? பெருநீர்நிலைகளில் மீன்கள் உண்டு. அவை தும்பியின் இளம்பூச்சியை விழுங்கும். மழைப்பள்ளத்திலும் பாறைக்குழியிலும் மீன் இல்லை. கொசுப்புழு மிகுதி, உண்பார் சிலர். இது பெரியதொரு நன்மை. ஆயினும், அந்நீர் விரைவில் வற்றும். வற்றுவதற்குமுன் சிறகு முளையாவிடின் இளம்பூச்சிக்கு இறப்பே முடிவு. இவ்விடர் இரண்டு தும்பிகளையும் எதிர்நோக்கியிருப்பது.

இவ்விடருக்கு இரண்டும் கண்ட விடைகள் வேறு. மழைப்பள்ளம் இவ்வாண்டு ஓரிடத்தில் இருக்கும். வரும் ஆண்டு வேறிடத்தில் இருக்கும். அதனை நம்பி ஓரிடத்தில் தங்குவது பேதைமை. ஆகவே தேசாந்தரத்தும்பி இரண்டு வழிகளைக் கைக்கொண்டது. ஒன்று, விரைந்து வளர்தல். இதன் இளம்பூச்சி 38 முதல் 65 நாட்களுக்குள் வளர்ச்சி முற்றுகின்றது. ஆண்டுக்கணக்கில் நீரில் வாழும் சில தும்பியினங்களோடு ஒப்பிட, இது மிகக் குறுகிய காலம். மற்றொன்று, மழை பெய்யும் இடத்தை நாடிப் பறந்துகொண்டேயிருத்தல்.

பாறைக்குழியின் இயல்பு வேறு. அதிலுள்ள நீர் நிலையற்றதாயினும், குழி நிலையானது. கல் நீரை உறிஞ்சாது. ஒவ்வொரு மழைக்கும் அதே குழி மீண்டும் நிரம்பும். இத்தகைய இடத்தை ஒருமுறை பெற்றவர்க்கு, அதனை விட்டகல்வதினும் அதனருகே காத்திருத்தலே அறிவுடைமை. அங்ஙனம் காத்திருப்பதற்குக் கல்லின் நிறம் ஏற்ற கவசமாயிற்று. இடம் மாறும் நீரை நம்பியது அலைந்தது. இடம் மாறாத நீரை நம்பியது தங்கியது. இவ்விரண்டின் வேற்றுமைக்கெல்லாம் வேர் இதுவே.

தேசாந்தரத்தும்பியின் விரைவிலும் ஒரு குறை உண்டு. நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் ஒளியின் தன்மையைக் கொண்டே தும்பிகள் நீரை அறிகின்றன. மோட்டார் வண்டியின் மெருகிட்ட மேற்பரப்பும் அத்தகைய ஒளியையே தெறிப்பதால், தேசாந்தரத்தும்பி அதனை நீரென்று கொண்டு, வயிற்றின் நுனியால் தொட்டுத் தொட்டு முட்டையிடுவதைத் தெருவிலும் காணலாம். அம்முட்டைகள் வெயிலிற் காய்ந்து அழிகின்றன. புதிய நீரை விரைந்து பற்றும் பழக்கம், நீரல்லாததையும் பற்றச் செய்கின்றது.

கடல் கடக்கும் வழி

தேசாந்தரத்தும்பியின் பயணம் எத்துணை நெடியது என்பதை அறிவுலகம் அண்மையிலேதான் உணர்ந்தது. நடுக்கடலிற் செல்லும் கப்பல்களின் தளத்தில் இத்தும்பிகள் வந்து இறங்குவதை மாலுமிகள் நெடுங்காலமாக அறிவர். ஆயினும், அவை காற்றில் வழிதவறியவை என்றே பலரும் கருதினர்.

மாலத்தீவுகளில் வாழ்ந்த கடலுயிர் ஆராய்ச்சியாளராகிய சார்லசு ஆண்டர்சன் என்பார் ஒரு புதுமையைக் கவனித்தார். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் அத்தீவுகளுக்குத் தும்பிகள் திரளாய் வருகின்றன. அத்தீவுகளோ பவழத்தால் அமைந்தவை. தரைமேல் நன்னீர் தேங்குவது அரிது. இந்தியக் கரையிலிருந்து அவற்றின் தொலைவு 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை ஆகும். நன்னீரின்றி வாழவியலாத பூச்சி, நன்னீரில்லாத தீவிற்கு ஆண்டுதோறும் தவறாது வருவானேன்? அவர் பல ஆண்டுகளின் நாட்குறிப்புகளைத் தொகுத்து நோக்கினார். தென்னிந்தியாவில் முதலிலும், மாலத்தீவுகளின் வடபகுதியில் அடுத்தும், தென்பகுதியில் அதன்பின்னும் தும்பிகள் தோன்றுகின்றன. இந்தியாவிலிருந்து 2,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சீசெல்சுத் தீவுகளில் நவம்பரிலும், 3,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அல்டாப்ராவில் டிசம்பரிலும் அவை காணப்படுகின்றன. இவ்வரிசை கிழக்கு ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்லும் ஒரு நெடும்பயணத்தைக் காட்டுகின்றது என்று அவர் 2009ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

இப்பயணத்திற்குக் காற்றே ஊர்தி. அக்டோபரில் மாலத்தீவுகளின் தரையையொட்டி வீசும் காற்று தும்பிகளுக்கு எதிர்க்காற்று. ஆனால், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று ஏற்கெனவே தொடங்கிவிடுகின்றது. தும்பிகள் அவ்வுயரத்திற்கு ஏறி, அக்காற்றின்மேல் வழுக்கிச் செல்கின்றன என்பது அவர் கருத்து. அகன்ற சிறகின் பயன் இங்கே விளங்கும். இமயமலையில் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இத்தும்பி காணப்பட்டதாகப் பதிவு உள்ளமையின், அவ்வுயரம் அதற்குப் பெரிதன்று. அதே பருவத்தில் அமூர் வல்லூறு என்னும் பறவையும் இந்தியாவிலிருந்து கடல்கடந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றது. வழியில் அதற்கு இத்தும்பிகளே உணவாகக் கூடும்.

வடகிழக்குப் பருவமழையோடு சென்றவை ஆப்பிரிக்க மழையிற் பெருகி, தென்மேற்குப் பருவக்காற்றோடு அவற்றின் சந்ததி இந்தியாவுக்கு மீள்கின்றது. போக்குவரவு அனைத்தும் கூட்டினால் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை ஆகும் என்பது ஆண்டர்சனின் கணக்கு. ஆயினும், எந்த ஒரு தும்பியும் இவ்வட்டத்தை முழுதும் சுற்றுவதில்லை. ஏறத்தாழ நான்கு தலைமுறைகள் சேர்ந்து அதனை முடிக்கின்றன. பாட்டன் தொடங்கிய வழியைப் பேரனும் அவன் மகனும் முடிப்பதுபோல் என்க. வழிகாட்டுவார் எவரும் இலர். முன்சென்றாரைக் கண்டாரும் இலர்.

2012ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இக்கருத்தை வலியுறுத்தியது. மழைநீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் இலேசானவையும் கனமானவையும் உண்டு. அவற்றின் விகிதம் இடத்திற்கு இடம் மாறும். இளம்பூச்சி எந்நீரில் வளர்ந்ததோ, அந்நீரின் விகிதம் அதன் சிறகிற் பதிந்து நிற்கும். மாலத்தீவுகளிற் பிடித்த தும்பிகளின் சிறகுகளை இம்முறையால் ஆராய்ந்தபோது, அவை தென்னிந்தியாவிற் பிறந்தவையல்ல, வடஇந்தியாவிலோ அதற்கும் வடக்கிலோ பிறந்தவை என்று தோன்றியது. நம் ஊர் வெளிகளில் ஐப்பசி மாதத்திற் சுற்றும் தும்பிக்கூட்டத்திலும், தொலைநாட்டு நீரிற் பிறந்து நம் வழியே செல்லும் விருந்தினர் இருத்தல் கூடும்.

அலைதலும் தங்குதலும் விளைத்த பயன்

இனி, நாம் எழுப்பிய இரண்டாம் வினாவிற்கு வருவோம். அலைந்ததன் பயன் யாது? தங்கியதன் பயன் யாது?

தேசாந்தரத்தும்பி அண்டார்க்டிக்கா ஒழிந்த எல்லாக் கண்டங்களிலும் காணப்படுவது. தும்பிகளுள் இத்துணைப் பரவியது வேறில்லை. பல கண்டங்களிலிருந்து சேகரித்த தும்பிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, அவை ஒன்றோடொன்று மிக நெருங்கிய ஒற்றுமையுடையன என்று காட்டியது. கடல் அவற்றுக்குத் தடையாகாமையின், ஓரிடத்தில் தோன்றும் சிறு மாறுதல் அவ்விடத்திலேயே வேரூன்றுதற்கு வழியில்லை. புதிதாய் வருவோரோடு கலந்து மறைகின்றது. ஆகவே உலகெங்கும் ஒரே இனமாய் நிற்கின்றது.

பாறைத்தும்பியின் கதை வேறு. அதன் பேரினத்தைச் சேர்ந்த தும்பிகள் ஆப்பிரிக்காவிலும் உள்ளன. ஆயினும் அவை வேறு இனங்கள். தேசாந்தரத்தும்பி சில வாரங்களிற் கடக்கும் அதே கடல், பாறைத்தும்பியின் சுற்றத்தாரை நெடுங்காலமாகப் பிரித்துவைத்தது. பிரிந்தவை தத்தம் இடத்திற்கேற்ப மாறி வேறாயின. ஆப்பிரிக்கா வரையிற் செல்லவும் வேண்டுவதில்லை. மேற்குக் கரையிலுள்ள கொங்கணப் பகுதியிலிருந்து, இப்பேரினத்தைச் சார்ந்த பிராடினோபைகா கொங்கணென்சிஸ் என்னும் புதிய இனம் ஒன்று 2020ஆம் ஆண்டிலேதான் விவரிக்கப்பட்டது. நம் நாட்டிற்குள்ளேயே, நன்கு அறிந்ததாக நாம் கருதிய தும்பியின் அருகே, வேறொன்று பெயரின்றி வாழ்ந்திருக்கின்றது.

இவ்விதியைத் தேசாந்தரத்தும்பியைக் கொண்டே சோதித்தறிய இயற்கை ஓரிடம் தந்துள்ளது. தென்னமெரிக்காவின் சில்லி நாட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலின் நடுவே ஈஸ்டர் தீவு உளது. அத்தீவில் வாழும் தும்பியினம் ஒன்றே, அது தேசாந்தரத்தும்பி. அத்தீவைவிட்டுப் பறப்பவை கடலில் மடிவதன்றி வேறு வழியில்லை. தங்குபவையே சந்ததியை விடும். எனவே அங்குள்ள தும்பிகள், அலையும் இயல்பு குன்றித் தீவையே பற்றி வாழ்வனவாயின. நிறத்திலும் மற்ற நாட்டுத் தும்பிகளினும் கருமை மிகுந்தன. உலகஞ்சுற்றும் குலத்திற் பிறந்தும், ஓரிடத்தில் அடைபட்டவுடன் அவை வேறாகத் தொடங்கின. அலைதல் ஒற்றுமையைக் காக்கின்றது. தங்குதல் வேற்றுமையை வளர்க்கின்றது. இவ்வொப்பு நோக்கின் முடிவு இதுவேயாகும்.

நாம் செய்யத்தக்கது

இம்முடிவு ஏட்டளவில் நிற்பதன்று. அதிலிருந்து நம் கடமையொன்று பிறக்கின்றது. தேசாந்தரத்தும்பி ஒரு குட்டையை இழந்தால் மற்றொன்றை நாடிச் செல்லும். நூறு குட்டைகள் தூர்ந்தாலும் அவ்வினம் பிழைத்திருக்கும். பாறைத்தும்பியின் கூட்டத்திற்கு அவ்வன்மை இல்லை. ஒரு குன்றை வெடிவைத்துக் கல்லாகவும் பொடியாகவும் பெயர்த்தெடுத்தால், அக்குன்றின் சுனைகளை நம்பிய அனைத்தும் அதனோடு அழியும். பாறைத்தும்பி இன்று எங்கும் மலிந்திருப்பது உண்மையே. மனிதன் கட்டிய சுவரும் தொட்டியும் அதற்குப் புதிய குன்றும் சுனையுமாய் அமைந்தமையே காரணம். ஆயின், கொங்கணத் தும்பியைப் போல இன்னும் பெயர் பெறாத உயிர்கள் எத்தனை பாறைகளில் உள்ளனவோ? பிரித்தறியாத ஒன்றை இழந்தால், இழந்தோம் என்பதையும் அறியமாட்டோம்.

மற்றொரு பயனும் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு வளர்வது, பாறைத்தும்பி வளரும் அதே வகையான தொட்டிநீரில். குடிநீர்த் தொட்டிகளை இறுக மூடுதலும், தேவையற்ற நீரைக் கொட்டிவிடுதலுமே கொசுவிற்குத் தக்க காப்பு, அதில் ஐயமில்லை. ஆயினும், பாறைக்குழியையும் சுனையையும் மூட யாராலும் இயலாது. அங்கே கொசுப்புழுவை இரவும் பகலும் உண்டு குறைப்பனவற்றுள் இவ்விளம்பூச்சியும் ஒன்று. அத்தகைய நீரில் எண்ணெயையோ நஞ்சையோ ஊற்றுவார், முதலில் ஒரு கிண்ணத்தில் முகந்து பார்த்தல் நன்று. நஞ்சு கொசுவையும் கொல்லும்; கொசுவின் பகையையும் கொல்லும். அடுத்த மழையில் முதலில் மீள்வது கொசுவே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விரு தும்பிகளையும் ஆராய்வதற்கு விலைமிக்க கருவிகள் வேண்டா. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். தேசாந்தரத்தும்பியின் கூட்டம் ஒவ்வோராண்டும் முதன்முதல் தோன்றும் நாளையும், அன்றைய காற்றின் திசையையும் குறித்து வருக. கல்லூரியிலும் விடுதியிலும் உள்ள எச்சுவர்களிற் பாறைத்தும்பி அமர்கின்றது, எத்தனை அமர்கின்றன என்பதை மாதந்தோறும் எண்ணுக. தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய தோல்களைத் தேடுக. தோல் உள்ள இடமே தும்பி பிறந்த இடம். பூச்சியைக் கொல்லவும் வேண்டா, பிடிக்கவும் வேண்டா. ஆண்டர்சன் கடல்கடந்த வழியைக் கண்டுபிடித்தது, தன் வாயிலில் வந்த தும்பியின் நாளைத் தவறாது குறித்து வைத்ததனாலேயே. ஒரு வகுப்பினர் விட்ட ஏட்டை அடுத்த வகுப்பினர் தொடர்ந்தால், பத்தாண்டுகளில் இக்கல்லூரியினின்றும் அறிவுலகிற்கு ஒரு நல்ல பதிவு கிடைக்கும். நான்கு தலைமுறைகளாய்த் தும்பி முடிக்கும் வழியை நாமும் அங்ஙனமே முடிக்கலாம்.